வலிக்காத கட்டைவிரல்

என் வலது கைக் கட்டைவிரல் வேலையை நிறுத்தியபோது எனக்கு வலிக்கவே இல்லை. வலித்திருந்தால் எல்லாம் வேறு மாதிரி நடந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். வலி என்று சொன்னால் வீட்டில் ஒருவர் திரும்பிப் பார்ப்பார், டாக்டர் கூடுதலாக ஒரு கேள்வி கேட்பார். எனக்கு அந்த உதவிகூட இல்லை.

சிவகாசியில் தினசரி காலண்டர் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஆடிப்பெருக்குக்கு அடுத்த வருஷக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் வந்துவிட்டால் ஆர்டர் விழத் தொடங்கும். மார்கழி முடியும்வரை தலை நிமிர நேரம் இருக்காது. தேதித்தாள் கட்டுகளை அட்டையில் ஏற்றுவதற்கு முன்னால் விசிறிப் பார்ப்பது என் வேலை. கட்டை இடது கையில் பிடித்துக்கொண்டு வலது கட்டைவிரலால் தாள்களைச் சரசரவென்று தள்ளிவிட வேண்டும். தேதி மாறியிருந்தாலோ, ஒரு தாள் வெள்ளையாக இருந்தாலோ கண்ணில் பட்டுவிடும். கட்டைவிரல் தாளை விட்டு எழும்பி மறுபடி விழுந்துகொண்டே இருக்கும். அது எழும்புகிறது என்பதையே நான் அதுவரை கவனித்ததில்லை.

அன்று காலை பாதிக் கட்டில் இருக்கும்போது மணிக்கட்டுக்குப் பக்கத்தில் நூல் அறுவது போல லேசாக ஏதோ ஆனது. அவ்வளவுதான். அடுத்த தாளைத் தள்ளப் போனேன், கட்டைவிரல் எழும்பவில்லை. தாளின்மேல் படுத்தே கிடந்தது. கையை உதறிவிட்டு மறுபடி முயன்றேன். நுனி மடங்கி உள்ளங்கைப் பக்கம் சாய்ந்துகொண்டது.

எதிரே உட்கார்ந்திருந்த அக்காவிடம் காட்டினேன். எங்கள் மேஜையில் மூத்தவர் அவர்.

"மரத்துப் போச்சா?" என்றார்.

"இல்லக்கா. தொட்டாத் தெரியுது. தூக்கத்தான் முடியல."

"நரம்பு எதும் சுருண்டிருக்கும். எண்ணெ போட்டு நீவிவிடு, சரியாப் போகும்."

அதற்குச் சில வாரங்களுக்கு முன் நான் கீழே விழுந்திருந்தேன். சாத்தூர் ரோட்டில் என் வீட்டுக்காரரின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போது, குறுக்கே வந்த நாய்க்காக அவர் பிரேக் பிடிக்க, கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டுக்கு மேல் எலும்பில் மயிரிழை போல ஒரு கீறல். எங்கள் பகுதியில் உள்ள எலும்பு டாக்டர் மாவுக்கட்டுப் போட்டார். எலும்பு விலகவே இல்லை, உங்களுக்கு நல்ல நேரம் என்றார். கட்டைப் பிரித்தபின் வேலைக்கும் திரும்பிவிட்டேன். கை லேசாக இறுக்கமாக இருந்தது, மற்றபடி ஒரு தொந்தரவும் இல்லை. அந்தக் கீறலுக்கும் இந்த விரலுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்கு எப்படித் தோன்றும்?

வீட்டில் இதைப் புரியவைப்பதற்குள் எனக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. கட்டைவிரல் மடங்கும், சாவியைப் பிடிக்கும், பேனாவைக்கூட ஒருவிதமாகப் பிடிக்கும். விரிய மட்டும் விரியாது. சொம்பை எடுக்கப் போனால் விரல் சொம்புக்கு வெளியே போகாமல் உள்ளங்கைக்கும் சொம்புக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். ஜாக்கெட்டில் கை நுழைக்கும்போது உள்ளே மடங்கி நிற்கும். இடது கையால் அதை நீட்டிவிட்டுத்தான் கையை வெளியே எடுக்க வேண்டும். மாவு டப்பாவுக்குள் கையை விட்டால் அங்கேயும் அதே கதை.

"வலிக்குதா?" என்றார் அத்தை. என் மாமியாரைச் சொல்கிறேன்.

"வலிக்கல அத்தே."

"பெறகு என்னத்துக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிட்டு இருக்க? வலிச்சாத்தான் சீக்கு."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தீப்பெட்டி ஆபீசில் இளவயதிலிருந்து உட்கார்ந்து குச்சி அடுக்கி முதுகு கூனிப்போனவர். வலியைத்தான் அவர் நோய் என்று ஒப்புக்கொள்வார். என் வீட்டுக்காரர் வேன் ஓட்டுகிறார். காகிதக் குழாய்களை ஏற்றிக்கொண்டு வெம்பக்கோட்டைப் பக்கமும் விஸ்வநத்தம் பக்கமும் இருக்கும் பட்டாசுக் கம்பெனிகளில் இறக்குவது அவர் தொழில். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் அவர் வீட்டில் நின்று சாப்பிடுவதே அபூர்வம். ஆனாலும் ஒரு நாள் லோடு குறைவாக இருந்தபோது டாக்டரிடம் கூட்டிப்போனார்.

கட்டுப் போட்ட அதே டாக்டர். எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எலும்பு பிரமாதமா சேர்ந்திருக்கும்மா."

"எலும்பு சரி சார். விரலைத் தூக்க முடியல."

அவர் என் கையை எடுத்து, தன் விரலால் என் கட்டைவிரலை மேலே தூக்கினார். "எந்திரிக்குதே. பாருங்க, நல்லா எந்திரிக்குது."

"அது நீங்க தூக்குறீங்க சார். நான் தூக்கினா வர மாட்டேங்குது."

"கட்டுப் போட்டு வச்சிருந்ததுல பலம் குறைஞ்சிருக்கும். ரப்பர் பந்து வாங்கி அமுக்குங்க. தானா சரியாகும்."

அவர் கையை எடுத்ததும் என் விரல் விழுந்தது. அதை அவர் பார்க்கவில்லை. மருந்துச் சீட்டில் எழுதிக்கொண்டிருந்தார். நான் "சார்" என்றேன். அடுத்தவர் உள்ளே வந்துவிட்டார்.

பந்து வாங்கி அமுக்கினேன். அமுக்குவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நாளாக ஆக நன்றாகவே அமுக்கினேன். என் சிக்கல் விடுவதில்தான் இருந்தது. கம்பெனியில் ஆள்காட்டி விரலால் தாளைத் தள்ளிப் பழகப் பார்த்தேன். கட்டு சிதறியது. மற்றவர்கள் இரண்டு அடுக்கு முடிக்கும்போது நான் ஒன்றில் நின்றேன். சூப்பர்வைசர் என்னிடம் சொல்லாமல் பக்கத்து மேஜையில் சொன்னார், எனக்குக் கேட்கிறமாதிரி: "சீசன்ல வந்து விரல் வேலை செய்யலங்காக."

என் மதினிதான் நரம்பு டாக்டரைப் பார்க்கச் சொன்னாள். வீட்டுக்காரரின் அக்கா அவள். "நரம்பு அந்து போயிருக்கும், எலும்பு டாக்டருக்கு அது எப்படித் தெரியும்?" என்றாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. இப்போது யோசித்தால் எரிச்சல் வருகிறது. நம் பேச்சில் எல்லாமே நரம்புதான். ஊசி போடுகிறவர் தேடுவது நரம்பு, கழுத்தில் பிடித்துக்கொள்வது நரம்பு, கோபத்தில் நெற்றியில் புடைப்பது நரம்பு, கோழிக்காலுக்குள் வெள்ளையாக இருப்பதும் நரம்பு. அந்த ஒரு சொல் என்னை நேராகத் தவறான வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது.

விருதுநகரில் ஒரு நரம்பு டாக்டரின் முன்னால் உட்கார்ந்து, "நரம்பு அந்துருச்சுன்னு நினைக்கேன் சார்" என்றேன். அவர் கையில் ஊசியால் தொட்டுத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டார். எல்லா இடமும் தெரிந்தது. பிறகு ஒரு அறையில் படுக்கவைத்து, கையில் ஒயர்களை ஒட்டி, கரண்ட் வைத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு சொடுக்கலுக்கும் கை துள்ளியது.

முடிவைப் பார்த்துவிட்டு அவர் சிரித்தார். "நரம்பெல்லாம் நூத்துக்கு நூறு நல்லா இருக்கும்மா. சந்தோஷமாப் போங்க."

"பெறகு ஏன் சார் தூக்க முடியல?"

அவர் குரலைத் தாழ்த்தி, "வீட்டுல ஏதாவது கவலையா? தூக்கம் எப்படி? சில சமயம் மனசு கையைப் பிடிச்சுக்கும்" என்றார்.

என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. சந்தேகம் என்று முழுசாகச் சொல்ல முடியாது. அப்படியும் இருக்குமோ என்கிற பார்வை. வெளியே வந்து டீ வாங்கிக் கொடுத்தார். டம்ளரை இடது கையில் வாங்கினேன்.

"வேலைக்குப் போகப் பிடிக்கலன்னா சொல்லிரு. ரெண்டு நாளு வீட்ல இரு," என்றார்.

"நீங்களும் அப்படித்தான் நினைக்கீகளா?"

"நான் என்ன நினைக்கேன். டாக்டர் சொன்னாரு."

நரம்பு டாக்டர் கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்டால் பகலிலும் தூக்கம் சொக்கியது. மூன்றாம் நாள் மாத்திரையைத் தூக்கிப் போட்டேன்.

அதன்பின் அரசு ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனேன். சீட்டுப் போடும் இடத்தில் இருந்தவர் முதல் கேள்வியாகக் கேட்டது, "பட்டாசா?" நான் இல்லை என்றேன். "எந்தக் கம்பெனி?" என்றார். காலண்டர் கம்பெனி என்றேன். "மிஷின்ல மாட்டுச்சா?" இல்லை. "பெறகு கைக்கு என்ன?" விரல் எழும்பவில்லை என்றேன். அவர் என் கையை எட்டிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லாத கை. எங்கள் ஊரில் கை என்றால் வெந்த கையாக, விரல் போன கையாக இருக்க வேண்டும். அதற்குத்தான் எல்லோருக்கும் கேள்விகள் தயாராக இருக்கின்றன.

வரிசையில் என் முறை நெருங்கும் நேரம். வாசலில் ஆம்புலன்ஸ்கள் அடுத்தடுத்து வந்தன. வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் விபத்து என்று யாரோ சொன்னார்கள். உள்ளே இருந்த டாக்டர்கள் எல்லாம் எழுந்து ஓடினார்கள். ஸ்ட்ரெச்சரில் போனவர்களை நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். வெடிமருந்து நெடி மட்டும் வராந்தா முழுக்க நின்றது.

அன்றைக்கு என் வீட்டுக்காரர் எந்தப் பக்கம் லோடு கொண்டுபோனார் என்று எனக்குத் தெரியாது. போன் அடித்தேன். எடுக்கவில்லை. கம்பெனிக்குள் போகும்போது போனை வாசலில் வைத்துவிட்டுப் போக வேண்டும், அது தெரியும். தெரிந்தாலும் அடித்துக்கொண்டே இருந்தேன். இடது கையால் அடித்ததால் இரண்டு முறை வேறு யாருக்கோ போனது. அந்த நேரத்திலும் விரல்மேல் எனக்குக் கோபம் வந்தது என்றால் நம்புவீர்களா?

கடைசியில் அவரே கூப்பிட்டார். "நான் விஸ்வநத்தத்துல எறக்கிட்டு இருக்கேன். எதுக்கு இத்தனை தடவை அடிச்சிருக்க?"

"ஒண்ணுமில்ல," என்றேன்.

டாக்டரைப் பார்க்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். அங்கே ஒருத்தி பிள்ளையின் பெயரைச் சொல்லிச் சுவரில் முட்டிக்கொண்டிருக்கும்போது, எழும்பாத விரலைத் தூக்கிக்கொண்டு யார் முன்னால் நிற்பது? ஆனால் வீட்டுக்கு வந்தபிறகும் விரல் எழும்பவில்லை. அந்த நியாயத்தை யாரிடமும் சொல்லவும் முடியவில்லை. பெரிய துன்பம் பக்கத்தில் இருந்தால் சின்னத் துன்பம் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன். அதனால் ஒரு வாரம் போனது.

மறுபடி போன அன்று எலும்புப் பிரிவில் ஒரு இளம் பெண் டாக்டர் இருந்தார். படிப்பு முடித்துச் சில வருஷம் ஆகியிருக்கலாம். நான் பழைய கதையைத் தொடங்கினேன். நரம்பு என்ற சொல்லை இந்த முறை சொல்லக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன்.

"கையை மேஜைமேல தட்டையா வைங்க," என்றார். வைத்தேன். "கட்டைவிரலை மட்டும் மேலே தூக்குங்க."

எழும்பவில்லை. அவர் கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளத்தைத் தடவினார். என் இடது கையிலும் அதையே செய்யச் சொன்னார். இடது கையில் விரல் எழும்போது தோலுக்கு அடியில் கயிறு மாதிரி ஒன்று விறைத்து நின்றது. வலது கையில் அந்த இடம் சொதசொதவென்று காலியாக இருந்தது.

"இதுல ஓடுற தசைநாண் அறுந்திருக்கு. நீங்க விழுந்தீங்களா, கட்டுப் போட்டீங்களா?"

நான் தலையாட்டினேன். அவர் செய்தது அவ்வளவும் ஒரு நிமிஷ வேலை. மேஜைமேல் கையை வைக்கச் சொல்லவேண்டும், அவ்வளவுதான். அழுகை வரும் என்று நினைத்தேன், வந்தது ஆத்திரம்.

"கோழிக்கால் சுத்தம் பண்ணியிருப்பீங்கல்ல? வெள்ளையா ஒரு கயிறு இருக்கும், இழுத்தா நகம் அசையும். அதுதான் தசைநாண். எலும்புல விழுந்த கீறல் பக்கத்துல உரசி உரசித் தேஞ்சு ஒரு நாள் அறுந்திருக்கு. அறும்போது பெரிசா வலிக்காது. அபூர்வமா வர்றதுதான், ஆனா இப்படி எலும்பு விலகாத கீறலுக்குப் பிறகுதான் அதிகமா வரும்."

எனக்கு எங்கள் கம்பெனியில் காலண்டர் தலையில் அடிக்கும் தகரப் பட்டை ஞாபகத்துக்கு வந்தது. அதன் ஓரத்தில் தொங்கவிடும் நூல் உரசினால் கொஞ்ச நாளில் அறுந்து காலண்டர் கீழே விழும் என்று கடைக்காரர்கள் புகார் சொல்வார்கள்.

"அன்னைக்கே யாராவது கண்டுபிடிச்சிருந்தா தைச்சிருக்கலாமா டாக்டர்?" என்று கேட்டேன். ஆமாம் என்று அவர் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன்.

"அன்னைக்கே வந்திருந்தாலும் அநேகமா தைக்க முடியாதும்மா. தேஞ்ச நுனி நார் நாராப் பிரிஞ்சிருக்கும். தையல் நிக்காது. வேற இடத்துல இருந்து ஒரு தசைநாணை எடுத்துத்தான் வைக்கணும்."

என் கோபத்துக்கு இருந்த ஒரே பிடிமானத்தையும் அவர் எடுத்துவிட்டார். அவர்மேலும் எனக்குக் கோபம் வந்தது; பாவம், சரியாகச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். கை அறுவைக்கென்றே இருக்கும் ஒரு டாக்டரைப் பார்க்க மதுரைக்கு எழுதிக்கொடுத்தார்.

அவர் விளக்கியதை வீட்டில் சொன்னேன். ஆள்காட்டி விரலை நீட்டுவதற்கு இரண்டு தசைநாண்கள் இருக்கின்றன, அதில் ஒன்றை எடுத்துக் கட்டைவிரலோடு இணைப்பார்கள் என்றேன்.

அத்தை கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தார். "நல்ல விரலை அறுத்துக் கெட்ட விரலுக்கு வைப்பாகளா? ரெண்டும் போச்சுன்னா?"

"ரெண்டும் போகாதுன்னு சொல்றாக அத்தே."

"அவுக சொல்லுவாக. நாளைக்கு நீ சோறு பெசைய முடியாம உக்காந்தா அவுகளா வந்து ஊட்டுவாக?"

என் வீட்டுக்காரர், "தீவாளி கழியட்டும்" என்றார்.

"தீவாளி கழிஞ்சா எங்க சீசன் உச்சத்துல இருக்கும். அப்ப மார்கழி கழியட்டும்பீக. பெறகு அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல்."

"இப்ப வண்டிய நிப்பாட்டிட்டு நான் மதுரைல வந்து உக்கார முடியுமா? நீயே சொல்லு."

"நீங்க வர வேண்டாம். நான் போய்க்கிடுதேன்."

"ஒத்தைல எப்படிப் போவ?"

"கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு ரெண்டு தடவையும் ஒத்தைலதான போனேன்."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். தீபாவளி முடிந்த வாரத்தில் மதினி என்னோடு மதுரைக்கு வந்தாள். ஆபரேஷன் அன்று அவரும் வந்தார். லோடு இல்லாத நாள்தான். இருந்தாலும் வந்தார் என்று எழுதிவைக்கிறேன்.

எனக்கு முழு மயக்கம் கொடுக்கவில்லை. கைக்கு மட்டும் மரத்துப்போகிற ஊசி போட்டார்கள். ஏன் என்று கேட்டதற்கு, "நீங்க முழிச்சிருந்தாத்தான் எவ்வளவு இறுக்கிக் கட்டணும்னு எனக்குத் தெரியும்" என்றார் மதுரை டாக்டர். அதிகம் பேசாதவர். முகத்துக்கு முன்னால் பச்சைத் துணியைத் தடுப்பாகக் கட்டியிருந்தார்கள். கையில் யாரோ துணியை இழுப்பது மாதிரி இருந்தது, வலி இல்லை. வலி இல்லாமையைக் கண்டு எனக்குப் பயமாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துத் துணியை இறக்கச் சொன்னார். "இப்ப ஆள்காட்டி விரலை நீட்டுற மாதிரி நினைங்க. எதையோ காட்டுற மாதிரி."

நினைத்தேன். என் கட்டைவிரல் எழுந்தது.

மாதக்கணக்கில் படுத்துக் கிடந்த விரல் விளக்கு வெளிச்சத்தில் மெதுவாக மேலே வந்து நின்றது. நான் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர், "இப்ப மடக்குங்க. மறுபடி. கொஞ்சம் தொய்வா இருக்கு, இன்னும் ஒரு தையல்" என்றார். இன்னும் ஒருமுறை தூக்கினேன். "போதும்," என்று துணியை ஏற்றிவிட்டார்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடியவில்லை. மறுபடி சில வாரங்கள் கட்டு. பிரித்தபோது விரல் அசையவில்லை. ஆபரேஷன் மேஜையில் எழுந்து நின்ற விரலா இது என்று எனக்கே சந்தேகம். மணிக்கட்டு வீங்கி, மூன்று இடத்தில் தையல் தடம், கட்டைவிரல் கல் மாதிரி. அத்தை எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் ஏதாவது சொல்லியிருந்தால் நான் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருப்பேன்.

பயிற்சி கொடுத்தது ஒரு பெண். என்னைவிட வயது குறைந்தவர், பொறுமைசாலி. "அக்கா, கட்டைவிரலைத் தூக்கணும்னு நினைக்காதீங்க. உங்க மூளை அறுந்த கயித்தையே இழுத்துட்டு இருக்கு. ஆள்காட்டி விரலை நினைங்க."

நினைத்தால் ஆள்காட்டி விரல்தான் எழுந்தது. அதற்கு இன்னொரு தசைநாண் மிச்சம் இருக்கிறதே. கட்டைவிரலைப் பார்த்தால் அதை நினைத்துவிடுவேன். பார்க்காமல் இருந்தால் அது என்ன செய்கிறது என்று தெரியாது. வாராவாரம் மதுரைக்குப் பஸ். வீட்டில் அடுப்படி மேடையில் கையை வைத்துக்கொண்டு முக்கி முக்கிப் பார்ப்பேன். சாதம் குழைந்துவிடும். ஒரு நாள் ஆத்திரத்தில் இடது கையால் வலது கையை அடித்தேன். அதைப் பார்த்துவிட்ட என் வீட்டுக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு, "இன்னைக்குக் கடைல வாங்கிக்கிடலாம்" என்றார்.

அடுத்த வாரம் பயிற்சிக்காரப் பெண்ணிடம், எனக்கு இது வராது என்று சொல்லிவிட்டேன்.

அவர் என் கையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "சும்மா விரலை நீட்டாதீங்க. ஆளைக் காட்டுங்க. உங்களுக்கு யார்மேல கோபம்?"

யாரென்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்த டாக்டரை நினைத்தேன். 'இந்த ஆளுதான்' என்று மனசுக்குள் காட்டினேன். கட்டைவிரல் ஒரு துள்ளு துள்ளியது.

"அதேதான் அக்கா. மறுபடி."

இரண்டாவதாக நரம்பு டாக்டர். பிறகு சூப்பர்வைசர். பிறகு டீக்கடை வாசலில் நின்ற என் வீட்டுக்காரர். வரிசையாக எல்லோரையும் சுட்டிக் காட்டினேன். விரல் ஒவ்வொரு முறையும் எழும்பி விழுந்தது. கண்ணில் நீர் வந்தது, சிரிப்பும் வந்தது. அந்தப் பெண்ணும் சிரித்தார். யார் யாரைக் காட்டுகிறேன் என்று அவர் கேட்கவில்லை.

வாரங்கள் போகப் போக ஆட்கள் தேவைப்படவில்லை. கட்டைவிரல் என்று நினைத்தாலே எழத் தொடங்கியது. சொம்பு கைக்குள் வந்தது. ஜாக்கெட்டில் கை வழுக்கிக்கொண்டு போனது. அத்தையிடம் காட்டினேன். ஆள்காட்டி விரலையும் நீட்டிக் காட்டச் சொன்னார், காட்டினேன். அதை மட்டும் தனியாக நீட்டும்போது முன்பிருந்த பலம் இல்லை, ஆனால் நீள்கிறது. "ரெண்டும் இருக்கு," என்று அவருக்கே சொல்லிக்கொண்டார்.

பழைய எலும்பு டாக்டரைப் பார்க்கவும் போனேன். யாரும் சொல்லிப் போகவில்லை, எனக்காகத்தான் போனேன். காத்திருந்து உள்ளே நுழைந்ததும் மேஜைமேல் கையைத் தட்டையாக வைத்துக் கட்டைவிரலைத் தூக்கினேன்.

"ஆங், நல்லா தூக்குதே. நான் சொன்னேன்ல, பயிற்சி செஞ்சா சரியாகும்னு."

தழும்புகளைக் காட்டினேன். தசைநாண் அறுந்திருந்தது, மதுரையில் ஆபரேஷன் செய்தார்கள் என்றேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு என் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"ஓ. அது ரொம்ப அபூர்வம்மா. நூறுல ஒருத்தருக்குக்கூட வராது."

"எனக்கு வந்துச்சு சார்."

"ஆமா," என்றார். தழும்பை இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா செஞ்சிருக்காங்க."

"கட்டுப் பிரிச்சவங்க யாராவது விரல் தூக்க முடியலன்னு வந்தா, ஒரு தடவை இப்படி மேஜைமேல வைக்கச் சொல்லிப் பாருங்க சார்."

"சரிம்மா," என்றார். அந்தச் 'சரி'யில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. மன்னிப்பை எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன் என்பது படியிறங்கும்போதுதான் தெரிந்தது.

கம்பெனியில் என் இடத்தில் வேறு ஒரு பெண் உட்கார்ந்துவிட்டாள். நல்ல வேகம், அவள்மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. எனக்கு அட்டைகளை எடுத்து அடுக்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். நாள் முழுக்க நின்றுகொண்டே செய்யவேண்டியது. சாப்பாட்டு நேரத்தில் பழைய மேஜையில் உட்கார்ந்து ஒரு கட்டை எடுத்து விசிறிப் பார்க்கிறேன். முழுக் கட்டும் போகிறது. முன்னைப் போல ஒரே ஓட்டமாகப் போவதில்லை. புரட்டாசித் தாள்கள் வரும்போது விரல் களைத்துவிடும், ஒரு மூச்சு விட்டுத்தான் மார்கழித் தாள்களுக்குப் போக முடிகிறது. குளிர்காலக் காலைகளில் இன்னும் மெதுவாக.

போன வாரம் சூப்பர்வைசரிடம் போய், என் இடத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டேன். அவர் முன்னாலேயே ஒரு கட்டை விசிறிக் காட்டினேன். கடைசித் தாள்வரை பார்த்தார்.

"நல்லாத்தான் பண்றீக," என்றார். "ஆடி வரட்டும், பாப்போம்."